திருமணம் செய்யாத துணையை வெளிநாட்டு விசாவில் சேர்ப்பது: பெங்களூரிலிருந்து செய்ய வேண்டியவை

பெங்களூரில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களில் ஒருவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து அவர் முதலில் கிளம்பிப் போனதும், இங்கே தங்கிவிட்ட மற்றவரிடம் சொந்தக்காரர் முதல் அலுவலகத் தோழர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கல்யாணம் செய்துகொண்டால்தான் டிபென்டன்ட் விசா (வேலைக்குப் போனவரின் துணைக்குத் தரும் விசா) கிடைக்கும். பல நாடுகளுக்கு இது உண்மையல்ல. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, நெதர்லாந்து போன்ற நாடுகள் தாலியும் பதிவுச் சான்றிதழும் இல்லாத உறவையும் ஏற்கின்றன. ஆனால் சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்தில் வேறு காகிதங்களைக் கேட்கின்றன. நம் ஊரில் சேர்ந்து வாழ்கிறவர்கள் வீட்டுக்காரருக்கும் பெற்றோருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதிக் கவனத்தைச் செலவிடுகிறார்கள். அப்படி யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்த வாழ்க்கைக்குத் தேதிவாரியாக ஆதாரம் கொடு என்று விசா அதிகாரி கேட்கும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது.

நான் வழக்கறிஞர் இல்லை. 2024இல் என் துணைவர் பிரிட்டனின் லீட்ஸ் நகரில் வேலை பார்த்தபோது, ராமமூர்த்தி நகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து என் விண்ணப்பத்தை நானே தயாரித்தேன். இப்போது இருவரும் பெங்களூருக்கே திரும்பிவிட்டோம். இடையில் நண்பர்கள் சிலருடைய கோப்புகளையும் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுவது இது. விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

முதலில் நாடு

துணைவர் இருக்கும் நாடு திருமணமாகாத துணையை ஏற்கிறதா, எத்தனை மாத உறவைக் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு காகிதத்தையும் திரட்டத் தொடங்கக் கூடாது.

பிரிட்டனில், திருமணத்தை ஒத்த உறவில் குறைந்தது 2 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த 2 ஆண்டுகளும் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2024 ஜனவரி 31 முதல் அது தளர்ந்துவிட்டதால், வேலை காரணமாகப் பிரிந்திருந்தவர்களும் காரணத்தைச் சொல்லி, உறவு தொடர்ந்ததற்கு ஆதாரம் காட்டி விண்ணப்பிக்கலாம். ஆனாலும் சேர்ந்து வாழ்ந்ததற்குரிய ஆதாரம்தான் இன்றும் எடையில் முன்னே நிற்கிறது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், நேரில் சந்தித்திருக்க வேண்டும், முந்தைய திருமணமோ உறவோ இருந்தால் அது நிரந்தரமாக முடிந்திருக்க வேண்டும். பிரிட்டன் சட்டப்படி மணக்க முடியாத நெருங்கிய உறவாகவும் இருக்கக் கூடாது. மாமன் மகள், அத்தை மகன் உறவுக்குத் தடை இல்லை. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் அங்கே தடை உண்டு. தமிழ்க் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியா இதை டி ஃபாக்டோ உறவு என்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் அந்த உறவு இருந்திருக்க வேண்டும். காதலித்துக்கொண்டிருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் உறவைப் பதிவு செய்திருந்தால் 12 மாதக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. பணம், வீடு, சமூகத்தில் அறியப்பட்ட விதம், ஒருவர்மீது ஒருவர் கொண்ட உறுதி ஆகிய நான்கு தலைப்புகளில் ஆதாரம் பார்ப்பதாக அங்கே விதியிலேயே எழுதியிருக்கிறது. எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் கோப்பை இந்த நான்கு தலைப்புகளில் பிரித்து வைப்பது வசதி என்பது என் எண்ணம்.

கனடாவில் காமன்-லா (சேர்ந்து வாழ்வதாலேயே சட்டம் ஏற்கும் துணை) என்ற நிலைக்கு ஓராண்டு தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அதற்கென்றே ஐ.எம்.எம் 5409 என்ற உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. ஓராண்டு சேர்ந்து வாழ்ந்துவிட்டால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சட்டப்படி காமன்-லா துணைதான். நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தில் தனியாள் என்று எழுதிவிட்டால், விட்டுப்போன துணையைப் பிறகு குடும்ப வழியில் அழைத்துவரவே முடியாமல் போகலாம்.

அமெரிக்காவில் வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4, ஜெர்மனியின் குடும்ப இணைப்பு விசா, வளைகுடா நாடுகளின் குடும்ப விசா ஆகியவற்றுக்குத் திருமணம் கட்டாயம். அந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்துகொள்வதுதான் வழி.

நாடு ஏற்றாலும், துணைவரின் விசா வகை துணையைச் சேர்க்க இடம் கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சிப் படிப்போ அரசு முழு உதவித்தொகைப் படிப்போ அல்லாத மாணவர்கள் யாரையும் சேர்க்க முடியாது. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர் விசாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான வேலைகளுக்குப் புதிதாக வந்த பெரும்பாலோருக்கும் இதே நிலைதான். கனடாவும் 2025 ஜனவரி 21 முதல் துணைக்கான பணி அனுமதியைக் குறிப்பிட்ட வேலைகளில் இருப்பவர்களுக்கும், 16 மாதங்களுக்குக் குறையாத முதுகலை போன்ற படிப்புகளில் இருப்பவர்களுக்கும் என்று சுருக்கிவிட்டது. இந்தக் கதவு மூடியிருந்தால் தாலி கட்டினாலும் திறக்காது.

வாடகை ஒப்பந்தம் என்ற தலைவலி

பெங்களூரில் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் முதல் காகிதம் வாடகை ஒப்பந்தம்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லோரும் 11 மாதத்துக்கே எழுதுகிறார்கள். ஆகவே 2 ஆண்டுகளைக் காட்ட மூன்று ஒப்பந்தங்கள் வேண்டும். அவற்றுக்கு இடையே ஒரு நாள்கூட விடுபடாமல் இருந்தால் நல்லது. மூன்றிலும் இருவர் பெயரும் வாடகைதாரராக இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். பெரும்பாலான வீடுகளில் முன்பணம் கொடுத்தவரின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் கதை இன்னும் கேலிக்கூத்து. தரகர் வீட்டுக்காரரிடம் எங்களைத் தம்பதி என்று சொல்லி வைத்திருந்தார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது ஒப்பந்தம் தட்டச்சாகி வந்தபோது என் பெயருக்குப் பக்கத்தில் என் தந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இன்னாரின் மனைவி என்று துணைவரின் பெயர் இருந்தது. அன்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஈராண்டு கழித்து விசாப் படிவத்தில் திருமணமாகாத துணை என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தபோதுதான், என் கையெழுத்திட்ட காகிதமே என்னைப் பொய்யாக்குகிறது என்று உறைத்தது. அதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் நடுவில் 11 மாதம் காணாமல் போகும். கடைசியில், எங்கள் ஊரில் திருமணமாகாதவர்களுக்கு வீடு கிடைப்பது கடினம் என்பதால் அப்படி எழுதப்பட்டது, நாங்கள் சட்டப்படி மணம் செய்துகொண்டதில்லை என்று முகப்புக் கடிதத்தில் இரண்டு வரி எழுதி, அந்த ஒப்பந்தத்தை அப்படியே வைத்தேன். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதைச் சரிசெய்யும் எண்ணத்தில் பழைய தேதியிட்டுப் புது ஒப்பந்தம் தயாரித்துத் தரும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். கர்நாடகத்தில் இ-ஸ்டாம்ப் சான்றில் அது வாங்கப்பட்ட தேதி அச்சாகிறது. இன்று வாங்கிய தாளில் முந்தைய ஆண்டின் தேதியை எழுதினால் யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஏமாற்று ஆவணம் என்று முடிவானால் பிரிட்டனில் 10 ஆண்டுகள், கனடாவில் 5 ஆண்டுகள், ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டுகள் வரை கதவு அடைபடும். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், எந்த மாதத்திலிருந்து இருவரும் குடியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் இன்றைய தேதியிட்டு உண்மையை எழுதித் தரும் கடிதம் போதும். அவர் மறுத்தால் குடியிருப்புச் சங்கத்தில் உள்ள வாடகைதாரர் பதிவு உதவும்.

மற்ற காகிதங்கள்

மின்கட்டண ரசீது பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரிலேயே வரும். அதை நம்பிப் பயனில்லை. இருவர் பெயரிலும் ஒரே ஆவணம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே காலத்தில் ஒரே முகவரிக்கு அவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் வந்திருந்தால் போதும். நான் கையாண்ட முறை இது: 24 மாதங்களை மூன்று மூன்று மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அவர் பெயரில் ஒரு காகிதம், என் பெயரில் ஒரு காகிதம் என்று 16 காகிதங்கள் எடுத்தேன். வங்கிக் கணக்கு அறிக்கை, கைபேசிக் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, படிவம் 16, வாகனக் காப்பீடு, சமையல் வாயு ரசீது, இணைய இணைப்பு ரசீது என்று முகவரி உள்ள எதுவும் பயன்படும். 2023 கோடையில் என் பெயரில் ஒரு பகுதி வெற்றிடமாக இருந்தது. தண்ணீர் வடிகட்டிக்கு கேட்ரிட்ஜ் மாற்றிய 1,850 ரூபாய் ரசீதுதான் அதை நிரப்பியது.

ஆதாரில் முகவரியை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் சேலத்தையோ திருச்சியையோ வைத்திருப்பது நம்மவர் வழக்கம். ஒருவரின் ஆதார் ஊர் முகவரியில் இருப்பதால் மட்டும் விண்ணப்பம் வீழ்ந்துவிடாது. ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு அதை மாற்றிக்கொண்டால் வங்கி, காப்பீடு, வரி என்று பின்னால் வருபவை எல்லாம் தாமாக ஒரே முகவரிக்கு வந்து சேரும்.

பணத் தொடர்பில், வாடகையைப் பங்கிட்டு அனுப்பிய யு.பி.ஐ வரிகளை வங்கி அறிக்கையில் வண்ணமிட்டுக் காட்டினாலே நிறையச் சொல்லும். வங்கிச் சேமிப்புக் கணக்கிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் துணையை நாமினியாக எழுதலாம். அலுவலகத்தில் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தால் அதையும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்குத் தொடங்குவதானால் துணைவர் நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தொடங்குவது நல்லது. அவர் என்.ஆர்.ஐ ஆனபின், இந்தியாவில் வசிப்பவரை என்.ஆர்.இ கணக்கில் (வெளிநாட்டு வருமானத்தை வைக்கும் கணக்கு) சேர்ப்பதற்குச் சட்டம் வரையறுத்த உறவினராக இருக்க வேண்டும். மணமாகாத துணை அந்தப் பட்டியலில் இல்லை. இந்திய வருமானத்தை வைக்கும் என்.ஆர்.ஓ கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இதே காரணத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டிலிருந்து அவர் உங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்குள் வரும். கணவன் மனைவிக்கு உள்ள விலக்கு இங்கே கிடையாது. விசாவுக்கு ஆதாரம் சேர்க்கிறேன் என்று மாதம் 40,000 அனுப்பி வாங்கிய ஒரு நண்பருக்குப் பட்டயக் கணக்காளர் சொன்ன பிறகுதான் இது தெரிந்தது.

சமூகத்தில் இருவராக அறியப்பட்டதற்குக் கல்யாணப் பத்திரிகையின் உறையே நல்ல சாட்சி. மதுரையிலிருந்து ஒரு தோழி அனுப்பிய உறையில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி, கீழே பெங்களூர் முகவரியை மசியில் எழுதியிருந்தார். அஞ்சல் முத்திரையில் தேதியும் தெளிவாக விழுந்திருந்தது. அந்த உறையைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது தற்செயல்தான். புகைப்படங்கள் 10 அல்லது 15 போதும். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், உடன் இருப்பவர் யார் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலை 300 பக்கம் அச்சிட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த அதிகாரியும் அதைப் படிக்கப்போவதில்லை. பிரிந்திருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கமும் அழைப்புப் பட்டியலும் எடுத்தால் போதும். பிரிட்டனுக்குக் கொடுக்கும் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் அது சரியானது என்று எழுதி, பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் தர வேண்டும். நாம் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் “சாப்டாச்சா, மாத்திரை போட்டியா” எல்லாம் தமிழ்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். கன்னடத்தில் மட்டும் அச்சான ரசீதுக்கும் இதே விதிதான்.

தேதித்தாளும் கடிதங்களும்

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரே தாளில் தேதிகளை எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சந்தித்த நாள், உறவு தொடங்கிய நாள், சேர்ந்து குடியேறிய நாள், பிரிந்து இருந்த ஒவ்வொரு காலமும் அதன் காரணமும். படிவமும் கடிதமும் நண்பர்களின் வாக்குமூலமும் இந்தத் தாளைப் பார்த்தே எழுதப்பட வேண்டும். அவர் நினைவில் உறவு தொடங்கியது கப்பன் பூங்காவில் நடந்த டிசம்பர் மாலையாகவும், உங்கள் நினைவில் அது பொங்கலுக்குப் பிறகாகவும் இருந்தால், அந்தச் சண்டையை வீட்டில் முடித்துக்கொண்டு ஒரே தேதியோடு வெளியே வாருங்கள்.

துணைவர் தம் முதல் விசாப் படிவத்தில் தனியாள் என்று எழுதியிருந்தால் அதையும் கடிதத்தில் தொட்டுச் செல்ல வேண்டும். அப்போது 2 ஆண்டுகள் நிறையவில்லை, அல்லது மணமாகவில்லை என்ற பொருளில் எழுதினார் என்று உண்மை எதுவோ அதைச் சொல்லிவிடலாம். அதிகாரி பழைய கோப்பைத் திறந்து பார்த்து நம்மைக் கேட்பதைவிட நாமே முந்திச் சொல்வது மேல்.

பெற்றோர் உறவை அறிந்து ஒரு கடிதம் தந்தால் அதற்கு எடை அதிகம். அம்மாவிடம் சொல்லவே முடியாத நிலையில் இருப்பவர்கள் அதற்காகக் கோப்பை மூடிவிட வேண்டாம். உடன்பிறந்தவர், வீட்டுக்கு வந்துபோகும் நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் தாங்கள் நேரில் கண்டதைச் சொந்த வார்த்தையில் எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அட்டையின் நகலோடு தந்தால் போதும். ஐந்து பேர் ஒரே வாசகத்தை எழுதியிருந்தால் அது ஒருவரே எழுதியது என்று யாருக்கும் தெரியும்.

சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்பது 2010இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய செய்தி. அதே ஆண்டு, கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி வழக்கில், திருமணத்தை ஒத்த உறவு என்றால் என்ன என்று அது வரையறுத்தது: சமூகத்தின் முன் துணையாக நடந்துகொள்வது, மண வயது நிறைந்திருப்பது, மணம் செய்யத் தகுதி இருப்பது, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்வது. விசா அதிகாரி தேடுவதும் ஏறக்குறைய இதைத்தான். உத்தரகாண்டில் 2025 ஜனவரியிலிருந்து சேர்ந்து வாழ்வோர் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் அப்படி ஒரு பதிவு இல்லை என்பதால், லிவ்-இன் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பெங்களூரில் ஒருவர் சொன்னால் அது வெறும் நோட்டரி உறுதிமொழி மட்டுமே. ஒருபால் இணையர்களுக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பின்படி இந்தியாவில் திருமணம் இல்லாத நிலையில், மேற்சொன்ன நாடுகளின் இந்த வழி பெரிதும் உதவும். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் அவர்களுக்கு இதே அளவுகோலைத்தான் வைக்கின்றன.

படிவம், பணம், பரிசோதனை

பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் (திறன் பணியாளர்) விசாவில் இருப்பவரின் துணை விசாவுக்கு நீங்கள் தனியாக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துணைவரின் விண்ணப்ப எண்ணைக் கேட்பார்கள்; பழைய மின்னஞ்சலில் அதைத் தேடி எடுத்து வையுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு விதி இடம் தருவதில்லை.

விசாக் கட்டணத்தைவிடச் சுகாதாரக் கூடுதல் கட்டணம்தான் கையைக் கடிக்கும். 2024 பிப்ரவரி 6 முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். உங்கள் விசா துணைவரின் விசா முடியும் நாளில்தான் முடியும் என்பதால், அவருக்கு 2 ஆண்டு 4 மாதம் மீதியிருந்தால் 2,587.50 பவுண்டு ஆகும். 6 மாதத்துக்குக் குறைந்த மீதிக்கு அரையாண்டுக் கணக்கு. மருத்துவ, பராமரிப்புப் பணிகளுக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கும் அவர்களின் துணைக்கும் இந்தக் கட்டணம் இல்லை. இதைத் தவிர, துணைவர் வேலை பார்க்கும் நிறுவனம் உங்களுக்கும் பொறுப்பேற்றுச் சான்றளிக்காவிட்டால், 285 பவுண்டு 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் இருப்புக் குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை பெங்களூரிலேயே உண்டு; மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள், சான்று 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்து சளிப் பரிசோதனை வரை போனால் முடிவுக்கு இரண்டு மாதம்வரை ஆகலாம் என்பதால் இதை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். ஆவணங்களைத் தலைப்புவாரியாக நான்கைந்து பி.டி.எஃப் கோப்புகளாக வீட்டிலேயே ஏற்றிவிட்டு, விசா விண்ணப்பங்களைப் பெறும் வி.எஃப்.எஸ் மையத்துக்குக் கடவுச்சீட்டோடும் சந்திப்புச் சீட்டோடும் போனால் கைரேகையும் படமும் எடுத்து அரை மணியில் அனுப்பிவிடுவார்கள். முடிவுக்கு வழக்கமாக 3 வாரம்.

முடிவு வந்ததும் பிரிட்டன் விசாத் துறையான யூ.கே.வி.ஐ-யின் இணையக் கணக்கைத் திறந்து இ-விசாவில் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், முடியும் தேதி நான்கையும் பாருங்கள். பிழை இருந்தால் விமானம் ஏறும் முன்பே திருத்தக் கேட்க வேண்டும். கோப்பின் ஒரு பிரதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், விசா நீட்டிப்பின்போதும் உறவு தொடர்வதைக் காட்ட வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அங்குள்ள வாடகை ஒப்பந்தத்திலும் கவுன்சில் வரிக் (உள்ளாட்சி வரி) கணக்கிலும் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த முறை பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.